கைக்குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவது? ஒரு சிங்கப்பூர்ச் சீனக் குடும்பத்தின் கணக்கு

எங்கள் எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. அப்பா ஹொக்கியன் பேசும் குடும்பம், அம்மா காண்டோனீஸ் பேசும் குடும்பம்; இரண்டும் தென்சீனப் பேச்சுமொழிகள். கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஆங்கிலம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அப்பாவைப் பெற்ற அம்மா. ஹொக்கியன் வீடுகளில் ஆ மா என்பார்கள். தோ பாயோவில் இதே புளோக்கில் பதினெட்டு வருஷமாக எதிரெதிர் வீடு. நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். அதனால்தானோ என்னவோ, ஒரு சனிக்கிழமை காலை லிஃப்டுக்குக் காத்திருந்தபோது குழந்தையின் அப்பா, அந்தத் தம்பி, கேட்டார்: “ஆன்ட்டி, பிள்ளைகிட்ட நாங்க எந்த மொழியில பேசுறது? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

அவருடைய அக்கா மாண்டரின் என்று சொல்லியிருக்கிறார், பின்னால் பள்ளிக்கூடத்தில் பிள்ளை திணறாமல் இருக்கும் என்று. அலுவலக நண்பர்கள் ஆங்கிலமே போதும் என்கிறார்கள். ஹொக்கியன் பேசுங்கள் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஆ மாவே சொல்லவில்லை. தன் மொழி பிள்ளைக்கு வேண்டாம் என்று முதலில் சொன்னவரே அவர்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். லேசான கேள்வி இல்லை. இதே கேள்வி இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டிலும் வந்தது. நானும் என் கணவரும் அப்போது எடுத்த முடிவு சரியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஹொக்கியன், தியோச்சியூ, காண்டோனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் எல்லாவற்றையும் இங்கே கிளைமொழி என்று சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் நினைவுக்கு வரும். அப்படி இல்லை. தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பத்து என்ற எண்ணை மாண்டரினில் ‘ஷி’ என்பார்கள், ஹொக்கியனில் ‘சாப்’, காண்டோனீஸில் ‘சப்’. சாப்பிடு என்பதற்கு மாண்டரினில் ‘ச்சு’, ஹொக்கியனில் ‘ஜியா’, காண்டோனீஸில் ‘சிக்’. குரல் ஏற்ற இறக்கத்தால் பொருளை மாற்றும் தொனி மாண்டரினில் நாலு, காண்டோனீஸில் ஆறு, ஹொக்கியனில் ஏழு. மாண்டரின் மட்டும் தெரிந்த பெய்ஜிங்காரர் எங்கள் ஆ மா பேசுவதைக் கேட்டால் ஒன்றும் புரியாது. எழுத்து மட்டும் பொது. அந்த எழுத்துநடையும் மாண்டரினை ஒட்டியது. ஒரே எழுத்தில் எழுதும் குடும்பப்பெயரை மாண்டரினில் சென் என்று படிப்பார்கள், ஹொக்கியன்காரர் டான் என்பார், காண்டோனீஸ்காரர் சான் என்பார். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் மிஸ்டர் டானும் ஹாங்காங்கிலிருந்து வந்த மிஸ் சானும் காகிதத்தில் ஒரே பெயர்க்காரர்கள்.

இன்னொன்று. சிங்கப்பூர்ச் சீனர்களின் தாத்தா பாட்டிகளில் மாண்டரினை வீட்டுமொழியாகக் கொண்டு கப்பலேறியவர்கள் மிகமிகக் குறைவு. தென்சீனாவின் ஃபூஜியன், குவாங்டோங், ஹைனான் கரைகளிலிருந்து அவரவர் மொழியோடுதான் வந்தார்கள். மாண்டரின் இங்கே சீனப் பள்ளிக்கூடம் வழியாக வந்த மொழி. இன்றைக்கு அதிகாரபூர்வமாகச் சீனர்களுக்குத் ‘தாய்மொழி’ என்று சொல்லப்படுவது அதுதான். ஆனால் எதிர்வீட்டு ஆ மாவுக்கு அது தாயும் பேசாத, தாயின் தாயும் பேசாத மொழி.

இது எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ஆ மா ஏன் தன் மொழியை வேண்டாம் என்கிறார் என்பது புரியும். 1979இல் வெளியான, அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் ஸ்வீயின் கல்வி அறிக்கை ஓர் உண்மையைச் சொன்னது: பள்ளிப் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர் பள்ளியில் படிக்கும் இரண்டு மொழிகளையுமே வீட்டில் பேசுவதில்லை. வீட்டில் ஹொக்கியன், பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும். பிள்ளைகள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமர் லீ குவான் யூ ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்தைத் தொடங்கினார். மாண்டரின் அதிகம் பேசுங்கள், கிளைமொழியைக் குறையுங்கள் என்பதுதான் முழக்கம். 1961 ஹொங் லிம் இடைத்தேர்தலுக்காக மெனக்கெட்டு ஹொக்கியன் கற்றுக்கொண்டு மேடையில் பேசிய மனிதர் அவர். 1979க்குப் பிறகு அந்த மேடைப்பேச்சையும் நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1980களின் தொடக்கத்திலேயே வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் கிளைமொழி நிகழ்ச்சிகள் போய்விட்டன. ரெடிஃபியூஷன் என்ற கம்பிவழி வானொலிப் பெட்டியில் கதைசொல்லி லீ தாய் சோர் காண்டோனீஸில் கதை சொல்வதைக் கேட்க காப்பிக்கடையில் கூட்டம் கூடிய காலம் முடிந்தது. ஹாங்காங் தொடர்களுக்கு மாண்டரின் குரல் ஏற்றினார்கள். ஊர்ப்பெயர்களும் மாறின. நீ சூன் என்ற பெயரை மாண்டரினில் படித்தால் யீஷூன், அதுதான் இன்றைய யீஷூன். லிட்டில் இந்தியாவில் இருக்கும் நம் தேக்கா சந்தையும் தப்பவில்லை. தேக்கா என்பது மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் பெயர். 1982இல் புதுக் கட்டடம் வந்தபோது அதற்கு அதே எழுத்துகளின் மாண்டரின் உச்சரிப்பான ‘சூஜியாவ்’ என்று பெயர் வைத்தார்கள். மீன் வாங்கப் போகும் தமிழர்களும் சரி, சீனர்களும் சரி, தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000இல் பழைய பெயரே திரும்பி வந்தது. அந்தச் சந்தையில் கறி வெட்டும் தமிழ் பேசும் அண்ணனும் காய்கறிக்கடைச் சீன அம்மாவும் நாள் முழுக்க ஒரு ஹொக்கியன் சொல்லைத்தான் ஊர்ப்பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இயக்கம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ராணுவத்தில் ஆங்கிலமும் மாண்டரினும் தெரியாத இளைஞர்களுக்கு ஹொக்கியன் பிளட்டூன் என்றே தனியாக வைத்திருந்த காலம் அது. ஹக்காக்காரரும் ஹைனானீஸ்காரரும் ஒருவரோடொருவர் பேச ஒரு பொதுமொழி வேண்டித்தான் இருந்தது. அது கிடைத்தது. ஆனால் அதன் கூடவே, ஹொக்கியன் பேசினால் நீ படிக்காதவள் என்ற எண்ணமும் ஆ மா போன்றவர்கள் மனதில் உட்கார்ந்துவிட்டது. இப்போது எழுபத்திரண்டு வயதில் தன் பேரனைத் தூக்கும்போதும் அந்த எண்ணம் கூடவே வருகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்று மொழிகளில் எது உயர்ந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மொழி பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும், எத்தனை வயதுவரை கிடைக்கும், இன்றைக்கு விட்டால் நாளைக்கு வாங்க முடியுமா என்று கேட்டால் கிடைக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் அதுதான் பாடமொழி. கணக்கு, அறிவியல், நேர்முகத் தேர்வு, மருத்துவர், வங்கி, வழக்கு எல்லாமே அதில்தான். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் பேசிக்கொள்வதும் அதில்தான். குழந்தை இந்த ஊரில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலே ஆங்கிலம் உள்ளே போய்விடும். விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது, பேருந்து அறிவிப்பில் இருக்கிறது, அப்பா அம்மா சோபாவில் உட்கார்ந்து பேசுவதில் இருக்கிறது. ஒரே ஒரு பயம் நியாயமானது: ஆங்கிலமே கேட்காமல் வளர்ந்த பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் வாசிக்கத் தடுமாறும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் தனியாக ஆதரவு வகுப்பு இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டில் அந்த ஆபத்து இல்லை. இரண்டு பட்டதாரிகள் வீட்டில் ராத்திரி ஒரு ஆங்கிலப் படக்கதை வாசித்துக் காட்டினால் போதும்.

அதனால் தம்பியிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: மூன்றில் உங்கள் உழைப்பு தேவைப்படாத மொழி ஆங்கிலம். அதற்காக வீட்டு நேரத்தைச் செலவு பண்ணாதீர்கள்.

மாண்டரின் அப்படி இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் நாலு பாடம். அதில் ஒன்று தாய்மொழி. சீனப் பிள்ளைக்கு அது மாண்டரின். தேர்வுப் புள்ளியில் நாலில் ஒரு பங்கு. ‘திங்ஷியே’ என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுருங்காத சீனத் தாய் இந்த ஊரில் உண்டா தெரியவில்லை. ஆசிரியர் சொல்லச்சொல்லப் பார்க்காமல் எழுத்துகளை எழுதுவது, நம்முடைய சொல்வதெழுதுதல். நமக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து தெரிந்தால் புதுச் சொல்லையும் எழுதிவிடலாம். அவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் தனிப் படம். கோடு எந்த வரிசையில் போட வேண்டும் என்பதுவரை நினைவில் இருக்க வேண்டும். எங்கள் பாலர் பள்ளியில் பக்கத்து அறையில் மாண்டரின் ஆசிரியை. பிள்ளைகள் ‘லாவ்ஷி, லாவ்ஷி’ (டீச்சர், டீச்சர்) என்று சுற்றுவார்கள். அவர் ஒருமுறை சொன்னது மனதில் நிற்கிறது. வீட்டில் மாண்டரின் கேட்கும் பிள்ளைக்கு எழுத்து என்பது ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல்லின் படம். வீட்டில் கேட்காத பிள்ளைக்கு அது தெரியாத சொல்லின் தெரியாத படம், இரண்டு மடங்கு பாரம். தமிழ் வகுப்பிலும் இதையேதான் பார்க்கிறேன். ‘முறுக்கு’ என்று வீட்டில் சொல்லக் கேட்ட பிள்ளைக்கு ‘று’ எளிதாக வருகிறது.

பயன் என்று பார்த்தாலும் மாண்டரின் கனமானது. 2013 முதல் சிங்கப்பூரின் மிகப் பெரிய சரக்கு வணிகப் பங்காளி சீனாதான். தைவான், மலேசியச் சீனப் பள்ளிகளில் படித்தவர்கள், இங்கே வேலைக்கு வந்திருக்கும் சீன நாட்டவர்கள் என்று பேச ஆள் பஞ்சமில்லை. வேலைக்காக ஒரு சீன மொழி கற்றுக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்கும் தமிழ்த் தம்பிகளிடமும் மாண்டரின் என்றுதான் சொல்வேன், வேறு யோசனையே வேண்டாம். வகுப்பு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, செயலி இருக்கிறது.

ஆனால் மாண்டரினும் வீட்டுக்குள் ஆட்டம் காண்கிறது என்பதை அந்தக் குடும்பம் கவனிக்க வேண்டும். 1980 கணக்கெடுப்பில் சிங்கப்பூர் வீடுகளில் கிட்டத்தட்ட 60 விழுக்காட்டில் சீனக் கிளைமொழிகள்தான் முக்கியப் பேச்சுமொழி. மாண்டரின் பத்து விழுக்காடு அளவில்தான் இருந்தது. பிறகு மாண்டரின் ஏறியது, கிளைமொழி இறங்கியது. எல்லாம் நினைத்தபடிதான். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் வீட்டில் அதிகம் மாண்டரின் பேசுவோர் 2010இல் 35.6 விழுக்காடு, 2020இல் 29.9 ஆகக் குறைந்துவிட்டது. கிளைமொழி 14.3இலிருந்து 8.7. ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3. ஹொக்கியனைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்த இடத்திலிருந்து மாண்டரினை இப்போது ஆங்கிலம் தள்ளுகிறது. அதே பத்தாண்டில் தமிழ் 3.3இலிருந்து 2.5 ஆனது. இந்தக் கடைசி எண்ணை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. ஹொக்கியனை விட்டால் மாண்டரின் வளரும் என்பது ஒரு தலைமுறைக்குத்தான் பலித்தது. எதிர்வீட்டுத் தம்பியே சாட்சி. அவர் பள்ளியில் பத்து வருஷத்துக்கு மேல் மாண்டரின் படித்தவர், நல்ல மதிப்பெண். இன்றைக்கு மாண்டரினில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் முழிக்கிறார். பாட்டியின் மொழியும் முழுதாகக் கைவரவில்லை, பள்ளியின் மொழியும் நிலைக்கவில்லை.

இனி ஹொக்கியன். இதைத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் அதற்காகப் பேச ஆளில்லை.

பயன் என்று எழுதினால் பட்டியல் சின்னதுதான். பள்ளியில் இல்லை. தேர்வில் இல்லை. வேலை விளம்பரத்தில் இல்லை. பினாங்கில் உதவும், தைவானின் தென்பகுதியில் உதவும், ஃபூஜியனின் ஷியாமென் பக்கம் உதவும். காப்பிக்கடையில் ‘கோப்பி ஓ’ என்று நாம் எல்லாரும் கேட்கிறோமே, அந்த ‘ஓ’ ஹொக்கியன். கறுப்பு என்று அர்த்தம். ‘கியாசு’ (தோற்றுவிடுவோமோ என்ற பயம்), ‘ஆங் பாவ்’ (பணம் வைத்துத் தரும் சிவப்பு உறை) எல்லாம் அங்கிருந்து வந்தவை. தமிழ் பேசுபவர்களே தெரியாமல் பாதி ஹொக்கியன் பேசிக்கொண்டிருக்கும் ஊர் இது. நமக்கும் அந்த மண்ணுக்கும் பழக்கம் பழையது: ஃபூஜியனின் சுவான்சோவில் 1281இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அங்கே நம்மவர்கள் சிவனுக்குக் கோயில் எழுப்பியிருந்தார்கள். ஆ மாவின் முன்னோர் வந்த பக்கம்தான் அது. இதை அவரிடம் சொன்னபோது நம்பவே இல்லை, கைபேசியில் படம் காட்டிய பிறகுதான் நம்பினார்.

ஆனால் நான் ஹொக்கியனுக்காகப் பேசுவது இந்தப் பயன்களுக்காக இல்லை. ஒரு காட்சி சொல்கிறேன்.

காலை ஒன்பதரை மணிக்கு ஆ மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டுக் கதவும் திறந்திருக்கும். அவர் குழந்தையிடம் மாண்டரினில் பேச முயற்சி பண்ணுவார். “ச்சு ஃபான்.” சாப்பிடு. “குவாய்.” சமர்த்து. “பூயாவ்.” வேண்டாம். அவ்வளவுதான். அவருடைய மாண்டரின் அங்கேயே முடிந்துவிடும். பிறகு மௌனம். குழந்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் கீழ்மாடியிலிருந்து அவருடைய தோழி காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு வருவார். “ஜியா பா பூவே?” என்று ஒரு குரல், சாப்பிட்டாச்சா என்று நாம் கேட்பது மாதிரியே. அவ்வளவுதான், மடை திறந்துவிடும். மீன் விலை, மருமகள், செத்துப்போன கணவர், லாட்டரி எண், முழங்கால் வலி. குரல் ஏறும், இறங்கும், கை பேசும், சிரிப்பு வரும். குழந்தை அப்போதுதான் காலை உதைத்துக்கொண்டு அவரையே பார்த்துச் சத்தம் போடும்.

ஒரே பெண்மணி. மாண்டரினில் அவருக்கு முப்பது சொல், எல்லாம் கட்டளை. ஹொக்கியனில் அவருக்கு எழுபத்திரண்டு வருஷம். பிள்ளைக்கு மாண்டரின் வேண்டும் என்று அந்த முப்பது சொல்லை அவரிடமிருந்து வாங்கினால், மாண்டரினும் கிடைக்காது, பாட்டியும் கிடைக்க மாட்டார். பிள்ளைக்கு மொழி வளர்வது நிறையக் கேட்பதால், கேட்டதற்கு முகம் அசைவதால், திருப்பிப் பேசினால் பதில் வருவதால். எந்த மொழியில் என்பது அடுத்த கேள்வி. ஒரு மொழியில் கதை கேட்டு, கோபம் கேட்டு, சமாதானம் கேட்டு வளர்ந்த பிள்ளை அடுத்த மொழியை அதன் மேல் ஏற்றிக்கொள்கிறது. இருபது வருஷமாக மூன்று வயதுப் பிள்ளைகளோடு இருந்து நான் பார்த்தது இது. அரைகுறையாக ஒரு மொழியில் பேசி வளர்த்த பிள்ளைகள்தான் என் வகுப்பில் கஷ்டப்பட்டிருக்கிறார்கள், இரண்டு மூன்று மொழியில் முழுதாகப் பேசி வளர்த்த பிள்ளைகள் இல்லை.

உறவுமுறைச் சொற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர்களுக்கு இது உடனே புரியும். ஹொக்கியனில் பெரியப்பா ஆ பே, சித்தப்பா ஆ செக், அத்தை ஆ கோ, தாய்மாமா ஆ கூ, அம்மாவுடன் பிறந்தவள் ஆ ஈ. நம்மைப் போலவே, சொல்லைக் கேட்டாலே யார் வழி உறவு, மூத்தவரா இளையவரா என்று தெரிந்துவிடும். மாண்டரினிலும் இந்தப் பிரிவு உண்டு. ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள், எல்லாரும் ஆன்ட்டி. லிஃப்டில் பார்க்கும் நானும் ஆன்ட்டி, அவன் அப்பாவின் அக்காவும் ஆன்ட்டி.

கடைசியாக, விநியோகம். ஆங்கிலத்தை எப்போதும் வாங்கலாம். மாண்டரினை இருபது வயதிலும் வாங்கலாம், கஷ்டப்பட்டாவது. ஹொக்கியனை விற்பவர் ஒருவர்தான், அவருக்கு வயது எழுபத்திரண்டு. குலச் சங்கங்களில் வார இறுதி வகுப்பு நடக்கிறது, பெரியவர்களாகிய பிறகு போய்க் கற்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஏன் வருகிறார்கள் என்று கேட்டால், பாட்டி படுக்கையில் விழுந்த பிறகு வந்தேன் என்பார்கள்.

அந்தப் படுக்கையை நானும் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆ மாவின் கணவர் மருத்துவமனையில் இருந்தார். தாதியர் நல்லவர்கள்; ஒருவர் பிலிப்பீன்ஸ்காரர், ஒருவர் மியன்மார்க்காரர், ஒருவர் நம் கேரளத்துப் பெண். யாருக்கும் ஹொக்கியன் தெரியாது. நன்றாக இருந்த காலத்தில் ஓரளவு மாண்டரின் பேசியவர், கடைசி வாரங்களில் அதை விட்டுவிட்டார். ஹொக்கியன் மட்டும்தான் வந்தது. இடுப்பில் வலி என்று அவர் சொன்னது ஒன்றரை நாள் கழித்து, மகன் போன பிறகுதான் தெரிந்தது. மகனுக்கே பாதி புரிந்தது, பாதி ஆ மா சொல்லிப் புரிந்தது. 2016இல் மூத்தோருக்கு அரசுத் திட்டங்களைச் சொல்ல ஹொக்கியனிலேயே ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்க வேண்டிவந்தது சும்மா இல்லை.

இப்போது என் வீட்டுக் கதை. எங்கள் மூத்த மகள் பிறந்தபோது என் மாமியார் எங்களோடு இருந்தார். நாங்கள் மகளிடம் ஆங்கிலம் பேசினோம். தமிழ் பள்ளியில் வந்துவிடும், இப்போது ஆங்கிலம் ஊன்றட்டும் என்று நினைத்தோம். மாமியாரிடமும், அத்தை, நீங்களும் இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசுங்க என்று நான்தான் சொன்னேன். அவர் பேசினார், எனக்காக. தமிழ் பள்ளியில் வந்தது, மதிப்பெண்ணாக. இன்றைக்கு என் மகளுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். மாமியார் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. “பாட்டி எந்த ஊர்ல பிறந்தாங்க, சின்ன வயசுல என்ன பண்ணாங்க?” என்று மகள் இப்போது என்னைக் கேட்கிறாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மீதி அந்த அம்மாவோடு போய்விட்டது. நான் தமிழ் ஆசிரியை. என் வீட்டில் இது நடந்தது.

எதிர்வீட்டில் அது நடக்க வேண்டாம் என்றுதான், அடுத்த சனிக்கிழமை ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். குழந்தை விழித்திருக்கும் நேரத்தை எழுதினோம். திங்கள் முதல் வெள்ளி வரை ஆ மாவோடு ஏறத்தாழ எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பது. அப்பா அம்மாவோடு சாயங்காலம் இரண்டரை மணி நேரம், சனி ஞாயிறு முழுக்க. இரண்டு வயதில் பாலர் பள்ளி தொடங்கினால் ஆ மாவின் நாற்பது மணி நேரம் பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிடும். அதற்குள் இருப்பது ஒன்றரை வருஷம்.

காகிதத்தில் முடிவு தானாகவே வந்தது. ஆ மா ஹொக்கியன் மட்டும். உடைந்த மாண்டரின் வேண்டவே வேண்டாம். அம்மாவின் மாண்டரின் அப்பாவுடையதைவிட நல்லது, அதனால் அவர் சாயங்காலமும் வார இறுதியும் பிள்ளையிடம் மாண்டரின். அப்பா ஹொக்கியனில் தன் அம்மாவோடு பேசட்டும், பிள்ளை கேட்கட்டும். ராத்திரி கதைப்புத்தகம் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். கணவனும் மனைவியும் தங்களுக்குள் ஆங்கிலம் பேசுவதை மாற்ற வேண்டாம். அது மாறவும் மாறாது.

அந்தப் பெண் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “எங்கம்மா காண்டோனீஸ். அவங்க மொழி போகட்டுமா?” ஆமாம், இதுதான் இந்த ஊரில் கிளைமொழிகள் வேகமாகக் கரைந்ததற்கு ஒரு காரணமும்கூட, ஹொக்கியனும் காண்டோனீஸும் கல்யாணம் பண்ணிக்கொண்டால் நடுவில் மாண்டரினோ ஆங்கிலமோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த அம்மா சைனாடவுனில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறார்கள். அன்றைக்கு அவர் காண்டோனீஸில் கொஞ்சட்டும், பாடட்டும், திட்டட்டும். வாரத்துக்கு நாலு மணி நேரத்தில் பிள்ளை பேச்சாளன் ஆக மாட்டான். பாட்டியின் குரல் காதில் ஏறும். என்னால் இதற்கு மேல் நல்ல பதில் சொல்ல முடியவில்லை, அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

ஒன்றையும் மறைக்கவில்லை. இப்படி வளர்ந்தால் இரண்டு, இரண்டரை வயதில் பிள்ளை மூன்று மொழியையும் குழப்பிப் பேசுவான். பாலர் பள்ளியில் முதல் சில மாதம் மற்றப் பிள்ளைகளைவிட ஆங்கிலச் சொல் குறைவாக இருக்கலாம். யாராவது ஒரு ஆசிரியர் கூப்பிட்டு வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள் என்று சொல்லலாம். அந்த நாளில் பயந்துபோய் ஆ மாவின் வாயை அடைத்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தொடக்கநிலை ஒன்று வருவதற்கு அதன் பிறகும் நாலு வருஷம் இருக்கும்.

பாட்டி தாத்தா இல்லாத வீடு, அல்லது தூரத்தில் இருக்கும் வீடு என்றால் என் பதில் வேறு. அப்பா அம்மாவுக்கே அரைகுறையாக வரும் ஹொக்கியனை வலிந்து பேசி வளர்ப்பதில் பலன் இருக்காது. முப்பது சொல் மாண்டரினுக்கு நான் சொன்னதே முப்பது சொல் ஹொக்கியனுக்கும் பொருந்தும். அந்த வீட்டில் மாண்டரின்தான், பேச வரும் அளவுக்கு நிறைய. மாண்டரினும் வராத வீடு என்றால் ஆங்கிலத்தில் நிறையப் பேசி, மாண்டரினுக்கு நல்ல ஆசிரியரைத் தேட வேண்டும்.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், ஆ மாவைத் தவிர. மகன் போய்ச் சொன்னதற்கு, “அது உதவாத பாஷை, பிள்ளை பின்தங்கிடும்” என்று கையை வீசிவிட்டார். மகனும் மருமகளும் இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் பலித்தது வேறு. ஒருநாள் பால் குடிக்க மாட்டேன் என்று குழந்தை அழ, பொறுமை போய் ஆ மா ஹொக்கியனில் நீளமாக ஒரு திட்டு திட்டினார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தது. பிறகு சிரித்தது. அவர் மறுபடி திட்டினார். மறுபடி சிரித்தது.

இப்போது குழந்தைக்கு ஒன்பது மாதம். காலை ஒன்பதரைக்குக் கதவோரம் ஆ மா பேசிக்கொண்டிருக்கிறார். தோழி வரும்வரை காத்திருப்பதில்லை. எனக்கு அதில் பத்துச் சொல்தான் புரிகிறது, ஆனால் நேற்று மீன் விலை சொன்னார் என்பது கை அசைவிலேயே தெரிந்தது.